போவது தண்ணீர், கொடுக்க வேண்டியதும் தண்ணீரே: வீட்டிலும் பள்ளிவாசலிலும் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பேணுவது எப்படி?

 

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் நம் மேலகரத்தில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனி, ஆடியில் சாரலோடு காற்று அடிக்கும்போது சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தருகின்றன. அதே காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் நம் தெருவில் மின்சாரம் நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல். இவை இல்லாத மாதங்களிலும் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் 2 மணி ஆகிவிடும்.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. அந்த ஆண்டுகளில்தான் நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இன்வெர்ட்டர் பரவலாக வந்தது. இன்று அது இல்லாத பள்ளிவாசல் அரிது. பாங்கு, ஜும்ஆ பயான், தராவீஹ், பெண்கள் பகுதியின் மின்விசிறி எல்லாமே மின்சாரம் போன நேரத்தில் அதை நம்பித்தான் நடக்கின்றன. வீட்டில் மூச்சுத்திணறல் உள்ள பெரியவரின் நெபுலைசரும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கான மின்விசிறியும் அப்படித்தான்.

ஆனால் அந்த பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பது யார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. வாப்பா வளைகுடாவில் இருப்பார். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் "தண்ணி பார்த்தியா?" என்று கேட்பார். மூடியைத் திறக்க வீட்டில் உள்ளவர்களுக்குப் பயம். பள்ளிவாசலிலோ மோதினார் முத்தவல்லி பார்ப்பார் என்று இருப்பார், முத்தவல்லி மோதினார் பார்ப்பார் என்று இருப்பார். ஒரு நாள் ஜும்ஆவின் நடுவில் மைக் நின்றுவிடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பேட்டரி, சில பத்து ரூபாய்த் தண்ணீர் இல்லாமல் காலத்துக்கு முன்பே வீணாகிப் போயிருக்கும்.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதில் பொருள் விரயம் இருக்கிறது, அமானிதம் இருக்கிறது, கவனக்குறைவாக இருந்தால் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. 1859-இல் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளாந்தே என்ற இயற்பியலாளர் உருவாக்கியதன் வழித்தோன்றல்தான் இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றையும் செல் என்பார்கள். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கி நிற்கின்றன. ஒரு செல் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு சேர்ந்தால் 12.

மின்சாரம் போய், பேட்டரி நமக்கு மின்சாரம் தரும்போது அமிலத்தின் ஒரு பகுதி தகடுகளோடு சேர்ந்து ஈய சல்பேட் ஆகிறது. மின்சாரம் திரும்பி வந்து சார்ஜ் ஏறும்போது அந்த சல்பேட் மறுபடி பிரிந்து அமிலமாகத் திரும்புகிறது. இந்தப் போக்குவரத்தில் அமிலம் காணாமல் போவதில்லை. தகட்டுக்குப் போகிறது, திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் மட்டம் குறைகிறது? சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில், மாற்றுவதற்கு சல்பேட் அதிகம் மிச்சம் இருக்காது. அப்போது உள்ளே வரும் மின்சாரம் தண்ணீரையே பிளக்க ஆரம்பிக்கிறது. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழ் குமிழாக மூடியின் துளை வழியே வெளியேறுகிறது. பேட்டரிக்கு அருகில் நின்றால் கேட்கும் மெல்லிய கொதிப்புச் சத்தம் இதுதான்.

இதற்குக் கணக்கும் உண்டு. தேவைக்கு மேல் போகும் ஒவ்வோர் ஆம்பியர் மணி மின்சாரமும் ஒரு செல்லில் ஏறத்தாழ 0.34 கிராம் தண்ணீரைப் பிரித்துவிடும். சில மாதங்களில் இப்படி 100 ஆம்பியர் மணி சேர்ந்தால் ஒரு செல்லுக்கு 34 மில்லி, ஆறு செல்லுக்கும் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லி தண்ணீர் போயிருக்கும். கோடையில் ஆவியாவது இதற்கு மேல்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: பேட்டரியிலிருந்து போவது தண்ணீர் மட்டுமே. ஆகவே நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் தண்ணீர் மட்டுமே. மட்டம் குறைந்ததும் "கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் பவர் கூடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் அமிலம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் இன்னும் அமிலம் சேர்த்தால் கரைசல் கடுமையாகித் தகடுகளை அரிக்கும். சில நாள் பவர் கூடியது போலத் தெரியும், பிறகு பேட்டரியே முடிந்துபோகும். அமிலம் கீழே கொட்டிப்போனால் ஒழிய, அமிலம் சேர்க்கும் தேவை வராது. அப்போதும் அது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு

தண்ணீர் குறைந்து தகட்டின் மேல்பகுதி வெளியே தெரிந்தால், காற்றுப்பட்ட அந்தப் பகுதி காய்ந்து கெட்டியாகிவிடும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாது. நான்கு மணி நேரம் தாங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுவதற்கு இது முக்கியமான காரணம். மீதமிருக்கும் கரைசலில் அமிலத்தின் செறிவும் கூடிவிடுவதால் மூழ்கியிருக்கும் பகுதியும் சேர்ந்து கெடும்.

சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள். "அடிக்கடி பார்க்க முடியவில்லை, நிறையவே ஊற்றிவிடுவோம்" என்று விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது கரைசல் விரிந்து, குமிழும் சேர்ந்து, மூடி வழியே வழியும். வழிவது வெறும் தண்ணீர் அல்ல, அமிலம் கலந்த தண்ணீர். தரையை அரிக்கும், டெர்மினலில் பூக்கும், பிள்ளைகளின் காலில் படும். உள்ளே அமிலத்தின் அளவும் குறைந்துபோகும்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் தராசைப் பற்றிச் சொல்லும்போது அளவை மீறுவதையும் அளவைக் குறைப்பதையும் ஒருசேரத் தடுப்பதை நாம் ஓதியிருக்கிறோம். அந்த வசனங்கள் பேட்டரியைப் பற்றிப் பேசுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படைப்பு முழுவதும் ஓர் அளவின் மீது நிற்கிறது என்று நம்புகிற ஒருவர், தன் கையில் இருக்கும் ஒரு பொருளின் அளவையும் பேணக் கடமைப்பட்டவர்தான்.

அளவை அறிவது கடினமில்லை. இன்வெர்ட்டருக்கான ட்யூபுலர் பேட்டரிகள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மிதவை இருக்கும். அதில் சிவப்புக் குறி குறைந்த அளவையும் பச்சைக் குறி போதுமான அளவையும் காட்டும். மிதவை இல்லாதவற்றில் பக்கவாட்டில் மேல் கோடு, கீழ்க்கோடு என இரண்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவே, மேல் கோட்டைத் தாண்டாமல் மட்டம் இருந்தால் போதும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் பாடமே தண்ணீர்தான். சுத்தம் செய்யத் தகுந்த தண்ணீர் ஏழு: மழை நீர், கடல் நீர், ஆற்று நீர், கிணற்று நீர், ஊற்று நீர், பனி நீர், ஆலங்கட்டி நீர். இவற்றில் எதைக் கொண்டும் உளூ செய்யலாம், குளிக்கலாம். மண்ணோ உப்போ இயல்பாகக் கலந்திருப்பதால் அதன் தூய்மை போய்விடாது. அதனால்தான் கடல் நீரும் உளூவுக்குக் கூடும்.

பேட்டரியின் சட்டம் வேறு. அதற்குத் தண்ணீரில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. நமக்கு நன்மை தரும் கால்சியம், மக்னீசியம், இரும்பு, குளோரைடு ஆகியவை அதற்கு நஞ்சு. இரும்பு கலந்தால் பேட்டரி சும்மா இருக்கும்போதே தன் சார்ஜை இழக்கும். குளோரைடு தகட்டின் சட்டத்தை அரிக்கும். தண்ணீர் மட்டும் பிரிந்து போய்க்கொண்டே இருக்க, உப்புகள் உள்ளேயே தங்கிவிடுவதால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அவை சேர்ந்துகொண்டே போகும். ஒரு முறை தவறு செய்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

வீடுகளில் கேட்கப்படும் தண்ணீர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர்: கூடாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையே கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்கலாம், பேட்டரி குடிக்கக் கூடாது.

அருவித் தண்ணீர்: "குற்றாலத் தண்ணீர் எவ்வளவு சுத்தம், அதை ஊற்றினால் என்ன?" என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். பாறையிலும் வேரிலும் மண்ணிலும் ஓடி வரும் தண்ணீர் அவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. குளிக்க அது நிஃமத், பேட்டரிக்கு அல்ல.

பாட்டில் குடிநீர், ஆர்.ஓ. தண்ணீர்: உப்பு குறைக்கப்பட்டிருக்கும், ஆனால் முழுமையாக நீக்கப்பட்டிருக்காது. சுவைக்காகத் தாதுக்கள் சேர்ப்பதும் உண்டு. இதுவும் வேண்டாம்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர்: இது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர்தான். ஆனால் செம்பு, அலுமினியக் குழாய்த் தகடுகளின் மீதும், தூசியும் பாசியும் படிந்த தட்டின் மீதும் வழிந்து வருகிறது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக இதைப் பிடித்து வைப்பவர்கள் பலர். செடிக்கு ஊற்றுங்கள்.

மழை நீர்: ஏழு வகையில் இதுதான் காய்ச்சி வடித்த நீருக்கு மிக அருகில் வருவது. கடலிலும் குளத்திலும் ஆவியாகி, உப்பைக் கீழே விட்டுவிட்டு மேலே போய்த் திரும்பி வருவதுதானே அது! ஆனால் கூரை, ஓடு, குழாய் என்று எதிலாவது பட்டுத்தான் நம் பாத்திரத்துக்கு வருகிறது. அதனால் இதையும் நம்பி ஊற்ற முடியாது.

ஆக, கடையில் பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர், அல்லது டீமினரலைஸ்டு வாட்டர் என்று அச்சிட்டிருக்கும் உப்பு நீக்கிய நீர் மட்டுமே வாங்குங்கள். பேட்டரித் தண்ணீருக்கென்றே ஐ.எஸ். 1069 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. முத்திரை உடையாத கேன் வாங்கி, பயன்படுத்தியதும் இறுக மூடி வையுங்கள். குடிநீர் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்க வேண்டாம். அமிலத்தையும் எந்தக் காலத்திலும் சோடா, ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

எப்போது பார்ப்பது?

மாதம் ஒரு முறை மட்டம் பார்த்தால் போதும். நல்ல நிலையில் உள்ள ட்யூபுலர் பேட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் ஊற்ற வேண்டியிருக்கும். ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். வெயிலில் கொதிப்பும் ஆவியாதலும் கூடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தத் துறையின் பொதுவான கணக்கு. மொட்டை மாடிப் படிக்கட்டின் தகரக் கொட்டகையில் பேட்டரியை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாரல் காலத்தில் தண்ணீர் அவ்வளவு குறையாது. ஆனால் ஈரக்காற்றில் டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பொடி பூக்கும். அதைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் வாசலின் தடவ வேண்டிய பருவம் அது.

ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை கட்டாயம் பார்த்துவிடுங்கள். சஹர் நேரத்திலும் தராவீஹிலும் பேட்டரி கைவிட்டால் உடனே ஆள் கிடைக்காது.

ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேலைநாடுகளில் வண்டியையே வீடாக ஆக்கிக்கொண்டு ஊர் சுற்றும் குடும்பங்கள் உண்டு. மோட்டார் ஹோம் எனப்படும் அந்த வண்டிகளில் இரண்டு வகை பேட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றொன்று விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டிக்கு. எஞ்சின் பேட்டரி சில நொடி பெரும் மின்சாரம் தந்துவிட்டு உடனே நிறைந்துகொள்ளும். வீட்டுப் பக்கத்து பேட்டரி மணிக்கணக்கில் வற்றி, மணிக்கணக்கில் நிறையும். நம் இன்வெர்ட்டர் பேட்டரி இந்த இரண்டாவது வகை. கார் பேட்டரியை மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்வெர்ட்டரில் மாட்டினால் அது விரைவில் கெட்டுப்போவது இதனால்தான்.

மூடி திறக்க முடியாதபடி முத்திரையிட்ட பேட்டரிகளும், இப்போது வரும் லித்தியம் பேட்டரிகளும் தண்ணீர் கேட்பவை அல்ல. அவற்றைக் குத்தித் திறக்க முயல வேண்டாம். உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் அதன் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊற்றும் முறை

இது ஆண்கள் மட்டும் செய்யும் வேலை அல்ல. பேட்டரியைத் தூக்கவோ நகர்த்தவோ வேண்டியதில்லை. 150 ஆம்பியர் மணி பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதைப் பொறுமையான எந்தச் சகோதரியும் செய்யலாம். நிதானமும் பாதுகாப்பும் தேவை, அவ்வளவுதான்.

1. பேட்டரி முழுவதும் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் முன்பே நிரப்பினால் வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகு மீதியை ஊற்றுங்கள்.

2. இன்வெர்ட்டரை அணைத்து, சுவரில் இருக்கும் ஸ்விட்சையும் அணையுங்கள். ஜன்னலைத் திறந்து பத்து, பதினைந்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே தேங்கிய வாயு வெளியேறட்டும்.

3. மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே உலோகம் பட்டால் நொடியில் பழுக்கச் சூடாகித் தீப்பொறி பறக்கும்.

4. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம்.

5. பேட்டரியின் மேல்பகுதியைத் துணியால் துடைத்த பிறகே மூடியைத் திறங்கள். இல்லையென்றால் தூசி உள்ளே விழும்.

6. பிளாஸ்டிக் புனல் வைத்து, ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பச்சைக் குறி வந்ததும் நிறுத்துங்கள். உலோகப் புனல் கூடாது.

7. ஆறு மூடிகளையும் சரியாக மூடி, சிந்தியதைத் துடைத்து, கையைக் கழுவிய பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.

அமிலம் தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவுங்கள். நுரைத்து அடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் எதையும் தேடிக்கொண்டு நிற்காமல், இமையைத் திறந்து பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் சோடாவோ எண்ணெயோ தாய்ப்பாலோ விடக் கூடாது.

ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகக் குறைந்தால், பேட்டரி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், பக்கங்கள் புடைத்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் ஊற்றி மறைக்காதீர்கள். தீப்பொறி எழக்கூடும் என்பதால் பேட்டரிக்கு அருகில் எதையும் கழற்றாமல், சுவர் ஸ்விட்சில் சார்ஜை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். அவர் ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு செல்லையும் பார்ப்பார். முழு சார்ஜில் உள்ள ட்யூபுலர் பேட்டரியில் அது பொதுவாக 1.240 அளவில் காட்டும். ஒரு செல் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அந்த செல்லில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

நெருப்பும் மூடிய அலமாரியும்

வெளியேறும் ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். 10 ஆம்பியர் மின்சாரம் முழுவதும் தண்ணீரைப் பிரிப்பதிலேயே செலவானால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 25 லிட்டர் ஹைட்ரஜன் வெளியாகும். ஜன்னல் உள்ள அறையில் அது கலைந்துபோகும். ஆனால் அழகுக்காக பேட்டரியை 500 லிட்டர் கொள்ளளவுள்ள அலமாரிக்குள் வைத்து இறுக மூடியிருந்தால், 4 சதவீதம் என்பது வெறும் 20 லிட்டர்தான். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆகவே மூடிய அலமாரி, கட்டிலுக்கு அடி, சமையலறை மூலை இவை வேண்டாம். பள்ளிவாசல்களில் பாய், புத்தகம், பழைய துணிகள் போட்டு வைக்கும் சிறு அறைக்குள்ளேயே பேட்டரியும் இருப்பதைப் பார்க்கிறோம். அதை மாற்றுங்கள். பேட்டரி இருக்கும் இடத்தில் சாம்பிராணி, ஊதுவத்தி காட்டுவதோ, புகைப்பதோ கூடாது. மட்டம் பார்க்க மெழுகுவத்தி, லைட்டர் கொண்டு போகவே கூடாது, டார்ச் போதும். தூங்குவதற்கு முன் விளக்குகளை அணைத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், நெருப்பு விஷயத்தில் முன்னெச்சரிக்கையைத் தம் சமுதாயத்துக்கு அன்றே கற்றுத் தந்துவிட்டார்கள்.

பள்ளிவாசல் பேட்டரி யாருடைய பொறுப்பு?

வீட்டு பேட்டரி கெட்டால் நம் பணம் போகும். பள்ளிவாசல் பேட்டரி பொதுச் சொத்து. யாரோ ஒரு தாய் தன் மறைந்த கணவருக்காக ஸதகத்துல் ஜாரியாவாகக் கொடுத்ததாக இருக்கலாம். வெளிநாட்டில் வியர்வை சிந்தும் இளைஞர்கள் சேர்த்து அனுப்பியதாக இருக்கலாம். ஆறு, ஏழு ஆண்டு பயன் தர வேண்டியது இரண்டே ஆண்டில் நம் அலட்சியத்தால் வீணானால், "பேட்டரி சரியில்லை" என்று கம்பெனியைச் சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. அமானிதத்தைப் பற்றிய கேள்வி நமக்கு உண்டு.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுவதும் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி வழிகாட்டிய நபிமொழி திர்மிதியில் உள்ளது. தண்ணீர் பார்ப்பது கயிற்றைக் கட்டுவது போன்றது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஓர் எளிய ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஒரு அட்டையில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: பார்த்த தேதி, ஊற்றிய அளவு, பார்த்தவர் கையெழுத்து. அதை பேட்டரிக்கு மேல் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவுக்கு முந்திய நாள் என்று நாளைக் குறித்து, பொறுப்பை ஒருவர் பெயரிலேயே கொடுங்கள். கேன், புனல், கண்ணாடி, கையுறை எல்லாம் பள்ளிவாசல் செலவில் வாங்கி அங்கேயே வையுங்கள். வெறும் கையோடு மோதினாரை அமிலத்துக்கு முன் நிறுத்திவிட்டு, பிறகு பேட்டரி கெட்டதற்கு அவரையே குறை சொல்வது நியாயம் அல்ல. குறைந்த சம்பளத்தில் பணிபுரியும் அவருடைய கண்ணும் நமக்கு அமானிதம்தான்.

அந்த அட்டையால் இன்னொரு பயனும் உண்டு. முன்பு 200 மில்லி போதுமாக இருந்த பேட்டரி திடீரென்று ஒரு லிட்டர் குடிக்கிறது என்றால், சார்ஜ் அளவு கூடியிருக்கலாம், அல்லது பேட்டரி முதுமை அடைந்திருக்கலாம். எழுதி வைத்திருந்தால்தான் இது தெரியவரும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

எவ்வளவு பேணினாலும் ஒரு நாள் அது முடியும். அப்போது புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு இருக்கிறது.

நூறு, இருநூறு கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால், அது எங்கோ ஒரு கொல்லையில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் ஊற்றப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படலாம். ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய அமிலத்தைச் சாக்கடையில் கொட்டுவதும் இதே வகைதான். நம் பகுதியில் கொட்டுவது கால்வாயில் சேரும், குளத்தில் சேரும், சிற்றாற்றில் சேரும், சிற்றாறு தாமிரபரணியில் சேரும். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு இழைக்கக் கூடாது என்ற நபிவழிச் சட்டத்தில் கீழ்க்கரையில் குடிக்கும் அந்த முகம் தெரியாத மனிதரும் அடங்குவார்.

சகோதரர்களே, சகோதரிகளே! இந்த வாரமே உங்கள் வீட்டு பேட்டரியின் மிதவையைப் பாருங்கள். ஆறும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் அதைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அன்போடு கேளுங்கள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் குறை பேசாமல் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரோடு போய் நில்லுங்கள். மின்சாரம் போன இரவில் பாங்கு தடையில்லாமல் ஒலிக்கும்போது, அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைச் சிறியது, பெரியது என்று பாராமல் பேணும் மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.